பாராசூட் மூடியும் ஒரு முழம் கட்டுக்கம்பியும்

பி.காம். படிக்கிற எல்லோருக்கும் அந்த நாய்க் கதை தெரியும். 1896-ல் இங்கிலாந்தில் நடந்த கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. தணிக்கையாளர் ஒரு காவல் நாய்தான், மோப்பம் பிடித்துத் துரத்துகிற வேட்டை நாய் அல்ல என்று நீதிபதி லோப்ஸ் சொன்னாராம். ஆடிட்டிங் பேப்பரில் இது வராத வருஷம் கிடையாது. தேர்வுக்கு முந்தின ராத்திரி, அந்த வேட்டை நாயின் இங்கிலீஷ் பெயரான 'பிளட்ஹவுண்ட்' என்பதைக் கூகுளில் தட்டினேன். நாயும் வரவில்லை, நீதிபதியும் வரவில்லை. ஒரு கார் வந்தது. நீளமாக, வெள்ளையாக, பென்சிலுக்கு வால் முளைத்த மாதிரி ஒரு கார். விடிய விடிய அதைத்தான் படித்தேன். ஆடிட்டிங்கில் 52 மார்க் :-)

அந்தக் காரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத எங்கள் கல்லூரி பஸ் குறுக்கே வந்துகொண்டே இருந்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் கார். மணிக்கு 1,000 மைல் வேகத்தில் தரையில் ஓட வேண்டும் என்று 2008-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த திட்டம் பிளட்ஹவுண்ட். உள்ளே இருப்பது யூரோஃபைட்டர் டைஃபூன் போர் விமானத்தின் ஜெட் எஞ்சின். பணம் இல்லாமல் 2018-ல் கம்பெனி திவால் நிர்வாகத்துக்குப் போய், வேறொருவர் வாங்கிக் காப்பாற்றி, கடைசியில் 2019 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவில் ஹாக்ஸ்கீன் பான் என்கிற வறண்ட ஏரிப் படுகையில் மணிக்கு 628 மைல், அதாவது சுமார் 1,010 கி.மீ. வேகம் தொட்டது. ஓட்டியவர் ஆண்டி கிரீன். 16 கி.மீ. நீள ஓடுதளம். அந்தப் படுகையில் கிடந்த கற்களை உள்ளூர் மியர் சமூகத்தைச் சேர்ந்த 317 பேர் கையாலேயே பொறுக்கி எடுத்தார்கள். மொத்தம் 16,500 டன். இந்த ஒரு விஷயத்துக்கே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

எல்லோரும் "எவ்வளவு வேகம்?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு வந்த கேள்வி வேறு. இதை எப்படிய்யா நிறுத்துவார்கள்?

கணக்கு போட்டுப் பார்த்தேன். 1,010 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு 280 மீட்டர். எங்கள் கல்லூரி வாசலில் இருந்து பஸ் ஸ்டாப் வரை ஒரு தும்மல் நேரத்தில் தாண்டிவிடும். வேகம் குறையாமலே போனால் அந்த 16 கி.மீ. தளமும் ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துபோகும். இன்னொரு கணக்கு: ஓடுகிற பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 60-ல் போகிற எங்கள் பஸ்ஸோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு கிலோவுக்கும் 280 மடங்குக்கு மேல். இத்தனையையும் சக்கரத்தில் இருக்கும் பிரேக் தாங்காது. அதுவும் பாலைவனத்தில் அந்தக் காருக்கு ரப்பர் டயர் கிடையாது. திடமான அலுமினியச் சக்கரம்.

அதனால் காற்றை வைத்தே நிறுத்துகிறார்கள். பக்கவாட்டில் விரிகிற காற்றுத்தடைக் கதவுகள், பின்னால் பாராசூட், வேகம் 300 கி.மீ. சொச்சத்துக்கு இறங்கிய பிறகுதான் சக்கர பிரேக். இதுதான் அவர்கள் போட்ட வரிசை. பாராசூட்டில் ஒரு வசதி இருக்கிறது. அதன் இழுவையும் வேகத்தின் வர்க்கத்தில்தான் கூடும். வேகம் அதிகமாக இருக்கும்போது நன்றாகப் பிடிக்கும், பாதி வேகத்தில் கால் பங்குதான் பிடிக்கும். சக்கர பிரேக்குக்கு நேர் எதிர். இரண்டும் சேர்ந்தால் கணக்கு சரியாக வருகிறது.

ஆனால் பாராசூட் பின்னால் ஒரு பெட்டிக்குள் மடித்துக் கிடக்கிறது. பெட்டிக்கு ஒரு மூடி. என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த மூடிதான்.

யோசித்துப் பாருங்கள். அந்த மூடிக்கு இரண்டு வேலை. வண்டி வேகம் எடுக்கும்போது என்ன ஆனாலும் திறக்கக் கூடாது. நிறுத்தும்போது என்ன ஆனாலும் திறக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. திறக்கவே கூடாது என்றால் ஆணி அடித்துவிடலாம். திறக்க மட்டும் வேண்டும் என்றால் மூடியே வேண்டாம், சும்மா விட்டுவிடலாம். ஒரே தாழ்ப்பாளில் இரண்டையும் கேட்கும்போதுதான் தலைவலி.

இதில் காற்று செய்கிற சேட்டை வேறு. மண் ரோட்டில் போகிற பஸ்ஸின் பின் கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். முன் கண்ணாடியைவிட அதில்தான் புழுதி அதிகம் அப்பியிருக்கும். ஓடுகிற வண்டியின் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது, புழுதி அங்கே சுருண்டு உள்ளே வருகிறது. 60-லேயே இப்படி என்றால் ஆயிரத்தில் எப்படி இருக்கும்! வெளியே அழுத்தம் குறைவு, பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் அதிகம். மூடியை உள்ளிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி. போதாததுக்கு, இறுக்கி அமுக்கி மடித்து வைத்த துணியும் உள்ளே இருந்து தள்ளும். அதிர்வு, எஞ்சின் சூடு, கீலில் போய் உட்காரும் மாவு மாதிரியான தூசி. பட்டறைக்குள் நிறுத்தி வைத்து நூறு தடவை திறந்து பார்த்தாலும் இதில் ஒன்றுகூடத் தெரியாது. திறந்த மூடி பின்காற்றில் படபடவென்று அடித்து பாராசூட்டின் வாரையே அறுத்துவிட்டால் என்ன செய்வது என்பது மூன்றாவது கவலை.

இதெல்லாம் புத்தகக் கவலை இல்லை. நடந்திருக்கிறது.

1964 அக்டோபர் 15. அமெரிக்காவின் போனவில் உப்புப் பாலைவனம். கிரெய்க் பிரீட்லவ் என்பவர் 'ஸ்பிரிட் ஆஃப் அமெரிக்கா' என்ற ஜெட் காரில் மணிக்கு 500 மைலைத் தாண்டிய முதல் ஆள் ஆகிறார். சராசரி 526 மைல். சாதனை முடிந்தது, இனி நிற்க வேண்டியதுதான் பாக்கி. பாராசூட் பிய்த்துக்கொண்டு போனது. மாற்றுப் பாராசூட்டும் கைகொடுக்கவில்லை. பிரேக் கருகிவிட்டது. கார் மைல் கணக்கில் வழுக்கிப் போய், தந்திக் கம்பத்தை முறித்து, மேட்டில் ஏறிப் பறந்து, உப்புத் தண்ணீர்க் குட்டையில் மூக்குக் குப்புற விழுந்தது. மனிதர் நீந்தி வெளியே வந்து, அடுத்த வித்தையாக எனக்கு நானே தீ வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று ஜோக் அடித்தார். எனக்கென்றால் அந்த இடத்தில் அழுகைதான் வந்திருக்கும். அவர் 2023-ல்தான், 86 வயதில் காலமானார்.

அடுத்தது 1997. அமெரிக்காவின் நெவாடாவில் பிளாக் ராக் பாலைவனம், 'திரஸ்ட் எஸ்.எஸ்.சி.' என்ற கார், இதையும் ஓட்டியவர் ஆண்டி கிரீன்தான். சாதனை என்று ஒத்துக்கொள்ள ஒரு விதி உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் போகவும் வேண்டும், எதிர்த் திசையில் திரும்பி வரவும் வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கு. அக்டோபர் 13 அன்று இரண்டு பக்கமும் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் பாராசூட் சொதப்பியது. கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடிவிட்டது. திருப்பிக் கொண்டுவந்து கிளப்புவதற்குள் கெடு ஏறக்குறைய ஒரு நிமிடம் தாண்டிவிட்டது. ஒலியைவிட வேகமாகப் போன கார், லேட்டாக வந்ததால் ஆப்சென்ட்! இரண்டு நாள் கழித்து அக்டோபர் 15 அன்று மறுபடி ஓட்டி 763.035 மைல் என்று பதிவு செய்தார்கள். இன்றுவரை அதுதான் தரைவேக சாதனை. (பிரீட்லவ் குட்டையில் விழுந்த அதே தேதி. சும்மா சொன்னேன்.)

இந்த இரண்டும் நிற்க வேண்டிய நேரத்தில் பாராசூட் கைவிட்ட கதைகள். மூடி திறக்கக் கூடாத நேரத்தில் திறந்த கதையும் உண்டு. அது கார் இல்லை, அமெரிக்க விண்வெளி ஓடம். ஓடம் தரை இறங்கும்போது வேகம் குறைக்க வாலடியில் 12 மீட்டர் அகலப் பாராசூட் ஒன்று இருக்கும். அதை ஓடத்தில் பொருத்துவதற்கு முன் 1990-ல் ஒரு பி-52 குண்டுவீச்சு விமானத்தின் பின்னால் கட்டி, வேறு வேறு வேகங்களில் தரையிறக்கிச் சோதித்தார்கள். 1992-ல் எண்டெவர் ஓடம் அதோடு பறந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1998 அக்டோபர் 29 அன்று டிஸ்கவரி கிளம்பும்போது, எஞ்சின்கள் பற்றிய நேரத்தில், அந்தப் பாராசூட் அறையின் அலுமினிய மூடி கழன்று விழுந்து எஞ்சினின் கூம்பில் மோதியது. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் 77 வயது ஜான் கிளென். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்பது நாளும் தரையில் இருந்தவர்களுக்கு ஒரே யோசனை, பாராசூட் அறை வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறதே என்று. நவம்பர் 7 அன்று பாராசூட்டைத் தொடாமலே இறக்கினார்கள். பிறகு மூடியைப் பிடித்திருக்கும் முறையைத் திருத்தினார்கள்.

இறங்கும்போது வேலை செய்கிறதா என்று அத்தனை பரிசோதனை செய்த மூடி, ஏறும்போது விழுந்தது. எனக்கு இதுதான் மனசில் நின்றது. நாம் எந்தக் கேள்வியைக் கேட்டோமோ அதற்குத்தான் சோதனை பதில் சொல்லும்.

பிளட்ஹவுண்ட் ஆட்கள் இதையெல்லாம் தெரிந்தவர்கள். அதனால் ஒரேயடியாக மிதிக்கவில்லை. 2017-ல் இங்கிலாந்தின் நியூகீ விமான ஓடுதளத்தில் வெறும் 200 மைல் சொச்சம். 2019-ல் பாலைவனத்தில் ஏறக்குறைய 50 மைல் 50 மைலாக ஏற்றினார்கள். ஓட்டு, நிறுத்து, கேமராவையும் அளவுகளையும் பார், கழற்று, மாட்டு, மறுபடி ஓட்டு. பாராசூட்டையும் அந்தப் படிகளில்தான் சோதித்தார்கள்.

ஆடிட்டிங் மூளைக்கு இங்கே ஒன்று உறைத்தது. நாங்கள் 'டெஸ்ட் செக்கிங்' என்று படிக்கிறோம். ஆயிரம் வவுச்சரில் ஐம்பதை எடுத்துப் பார்த்துவிட்டு மிச்சம் சரியாக இருக்கும் என்று கையெழுத்துப் போடுவது. பாராசூட் மூடியில் அது நடக்காது. ஒருமுறை திறந்து காட்டிய மூடி, அந்த ஒருமுறைக்குத்தான் சாட்சி. அடுத்த ஓட்டத்துக்கு யாரோ ஒருவர் துணியைப் புதிதாக மடித்து, மூடியைப் புதிதாகப் பூட்டுகிறார். அது வேறு மூடி. மார்ச் மாதப் பேரேடு சரியாக இருந்தது என்பதற்காக ஏப்ரல் பேரேட்டில் கையெழுத்துப் போடுவீர்களா?

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

வத்தலக்குண்டில் இருந்து திண்டுக்கல்லுக்கு எங்கள் கல்லூரி பஸ். இரண்டாம் வருஷம் முழுக்க என் இடம் பின்னால் வலது பக்கம், 'அவசர வழி' என்று சிவப்பில் எழுதிய கதவை ஒட்டிய சீட். கதவின் ரப்பர் தேய்ந்துவிட்டது. குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் தடதடவென்று ஆடும். ஒருநாள் செம்பட்டி தாண்டி வளைவில் பிடி தானாகக் கழன்று கதவு ஒரு சாண் திறந்தே விட்டது. என் ரெக்கார்டு நோட்டு ரோட்டில். சாயங்காலம் பஸ் கிளம்பும் முன் கிளீனரிடம், "அண்ணே, இதை ஏதாவது பண்ணுங்கண்ணே, தூங்கவே முடியல" என்றேன். அவர் ஒரு முழம் கட்டுக்கம்பி கொண்டுவந்து கொடுத்தார். "நான் அந்தப் பக்கம் டயர் பாக்கணும். நீயே சுத்திடு தம்பி." சுற்றினேன். பிடியையும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து நாலு சுற்று. சத்தம் நின்றது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்தக் கம்பியைத் தினமும் பார்த்தேன். அது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு காலை. எஞ்சின் பக்கம் இருந்து வயர் கருகுகிற நாற்றம், அப்புறம் புகை. டிரைவர் அண்ணன் ஓரம் கட்டி, "எறங்குங்க, எறங்குங்க" என்று கத்தினார். நாற்பது பேரும் முன் கதவுக்கு ஓடினார்கள். பின்னால் இருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் அவசர வழிக்குத் திரும்பினோம். பிடியைத் திருகினேன். நாலு சுற்று கம்பி. வெறும் விரலால் கட்டுக்கம்பியைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். புகை கூடவே, எல்லோரும் முன்னால் தள்ளினோம். தள்ளியதில் முதல் வருஷப் பெண் ஒருத்தி படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. தீ பிடிக்கவில்லை. டிரைவர் அண்ணன் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டார். மொத்தமே இரண்டு நிமிடம் இருக்கும்.

விசாரணை வைத்தார்கள். அவசரக் கதவைக் கட்டியது யார் என்று கேட்டார்கள். வண்டிக்குப் பொறுப்பு டிரைவர்தானே, அவர் தலையில் விழுந்தது. பதினைந்து நாள் சம்பளம் இல்லை, அப்புறம் வேறு ரூட். அன்றைக்கு அந்த அறையில் நானும் இருந்தேன். பிடியைத் திருகிப் பார்த்த சாட்சியாக! "கதவு திறக்கல சார்" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. ஆடிட்டிங்கில் இதற்கும் ஒரு பெயர் படித்தோம்: முக்கியமான தகவலை மறைத்தல்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்த பஸ்ஸில் வந்தவர்கள், இதைப் படிப்பீர்கள். கம்பியைக் கட்டியது நான்தான்.

2025 அக்டோபரில் ஜெய்சால்மரிலும் கர்னூலிலும் பத்து நாள் இடைவெளியில் இரண்டு பஸ்கள் எரிந்தன. அந்தப் படங்களைப் பார்த்த நாளில் இருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. நான் கேட்டது என்ன? "இந்தக் கதவு ஆடாமல் இருக்குமா?" கம்பி அதற்குப் பதில் சொன்னது, நூற்றுக்கு நூறு. இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. விண்வெளி ஓடம் கட்டியவர்களுக்கே ஒரு பக்கம் விட்டுப்போனது என்று சமாதானம் சொல்லலாம்தான். அவர்கள் சோதித்தாவது பார்த்தார்கள். நான் ஐந்து மாதத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், அந்தப் பிடியைத் திருகிப் பார்த்திருந்தால் போதும்.

போன வாரம் நிலக்கோட்டை ரூட் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். இரண்டு மூன்று தடவை பேச்சை எடுத்து விட்டுவிட்டேன். அவரே, "என்ன தம்பி, பீஸ் விஷயமா?" என்றார். சொன்னேன். ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"தெரியும்ப்பா. கிளீனர் அன்னைக்கே சொல்லிட்டான்."

"அப்புறம் ஏண்ணே நீங்க சொல்லல?"

"வண்டி என்னுது. காலையில எடுக்கறப்ப நான் பாத்திருக்கணும்ல? நீயும் சொல்லியிருக்கலாம், அது வேற." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணுக்குக் கை சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. விசாரிக்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் கேட்டுப் பார்த்தேன். சரியாகிவிட்டது, ஆனால் குளிர் நாளில் எழுதினால் வலிக்கிறதாம். அவளிடமும் சொன்னேன். அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன், அந்தப் பதினைந்து நாள் சம்பளம் பற்றியும் சேர்த்து. இதுவரை பதில் இல்லை. பழைய பஸ்ஸில் இப்போது புது ரப்பர், ஸ்பிரிங் வைத்த புதுப் பிடி. திங்கட்கிழமை காலையில் வண்டி கிளம்பும் முன், புது டிரைவரிடம் சொல்லிவிட்டு, நான் அதை ஒருமுறை முழுசாகத் திறந்து மூடுகிறேன். இந்த வாரம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறேன்.